வலது விலா விஷயமாகச் சம்பந்தி காஸ்பருக்கு

சேசு மரி சூசை துணை

செஞ்சி,
1945ம் வருஷம் செப்டம்பர் மாதம்

திண்டிவனத்தில் வசிக்கும் மகா கனம் பொருந்திய சம்பந்தி காஸ்பர் அவர்கள் சமுகத்துக்கு, செஞ்சி போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டாக இருந்து ரிடையரான அருளானந்தம் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது.

ஆண்டவர் கிருபையால் இவ்விடம் யாவரும் சுகம் என்று தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க நான் பொய் ரிப்போர்ட் எழுதியவன் அல்ல. ஆகையால் இங்கே என் மனைவி பாக்கியம் சுகம், கோழிகள் சுகம், என் இடது பக்கம் சுகம் என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாள் இருதயமேரியும் மாப்பிள்ளையும் என் மகள் ராயம்மாளும், நான் இன்றைய தேதி வரை கண்ணால் பார்த்திராத என் பேத்தி அமலோற்பவமும் சுகமாக இருப்பதாக நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது. எனக்குத்தான் யாரும் எதையும் சொல்வதில்லையே.

தாங்கள் எழுதிய கார்டு கிடைத்தது. உறைக்குள் வைத்து எழுத வேண்டிய விஷயத்தைத் திறந்த கார்டில் எழுதினால் செஞ்சித் தபால்காரர் படிப்பார் என்பது தங்களுக்குத் தெரியாமல் போயிற்றா, அல்லது அவர் படிக்கட்டும் என்றேதான் எழுதினீர்களா என்பதை நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. "பேத்தியின் ஞானஸ்நானத்துக்கும் வரவில்லை, காதுகுத்துக்கும் வரவில்லை, வழியில் அரிசியோடு பிடிபட்டதாகக் கேள்வி, போலீசில் இருந்தவருக்கு இது அழகா" என்று நாலே வரி. தபால்காரர் அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல், "அரிசி இன்னா வெல ஏட்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனவே நடந்தது நடந்தபடி, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டுத் தாங்களே சொல்லுங்கள்.

விஷயம் ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் தொடங்கியது. ராயம்மாளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர நாங்கள் நாள் குறித்துக்கொண்டிருந்தோம். அவளுடைய வளைகாப்பின்போது தாங்கள் எனக்கு ஒரு சில்க் ஜிப்பா கொடுத்தீர்கள், ஞாபகமிருக்கும். துணிக்கு இவ்வளவு தட்டுப்பாடு உள்ள காலத்தில் ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்குச் சில்க் ஜிப்பா கொடுக்கிறான் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஆனாலும் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனேன். சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே வலது விலாவில், முதுகுப் பக்கமாக, யாரோ நெருப்புக் குச்சியைக் கிழித்து வைத்த மாதிரி ஒரு எரிச்சல். திரும்பிப் பார்த்தேன். பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடியிருந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டுக்கு வந்து ஜிப்பாவைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், உதறிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாத இடத்தில்தான் விஷயம் இருக்கும் என்பது என் அனுபவம். ஆகவே பரீட்சை செய்து பார்ப்பதற்காக அதைப் பாக்கியத்தின் தம்பி அமிர்தசாமிக்குக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஒரு வாரம் போட்டுக்கொண்டான். அவனுக்கு ஒரு சிறு பரு கூட வரவில்லை, இன்னும் கொஞ்சம் சதை போட்டிருக்கிறான், ஜிப்பாவைத் திருப்பித் தரவும் மாட்டேன் என்கிறான். எனவே அந்தக் குற்றச்சாட்டிலிருந்து தங்களை விடுவித்தேன். தங்களுக்குத் தெரியாமலே நடந்தது என்பதால் இப்போது தெரிவிக்கிறேன்.

அதற்குள் எரிச்சல் இருந்த இடத்தில் கொப்புளங்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி, முதுகெலும்பிலிருந்து விலாவைச் சுற்றிக்கொண்டு நெஞ்சை நோக்கி, அரைஞாண் கயிற்றை மேலே தூக்கிக் கட்டினது போல நடக்க ஆரம்பித்தன. பாக்கியம் பார்த்த உடனே, "இது அக்கிங்க" என்றாள். அக்கி என்றால் என்ன என்று கேட்டதற்கு, அது பாம்பு மாதிரி உடம்பைச் சுற்றிக்கொண்டு வரும் என்றும், தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் அவ்வளவுதான் என்றும் சொன்னாள். எனக்கு முதுகு தெரியாது. ஆகையால் தலைக்கும் வாலுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று தினம் காலையில் அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். "இன்னும் ரெண்டு ஜாண் இருக்குதுங்க, பயப்படாதீங்க, இந்தக் கஞ்சியக் குடிங்க" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து பாக்கியம் என்னிடம் இவ்வளவு சாந்தமாகப் பேசியது கிடையாது. எனவே இடைவெளி விரல்கடை அளவுக்கு வந்துவிட்டது என்று நான் ஊகித்தேன். அவள் இல்லாத நேரத்தில், பால் கொடுக்க வந்த அம்மாளிடம் முதுகைக் காட்டிக் கேட்டுப் பார்த்தேன். அந்த அம்மாள் செம்பை வைத்துவிட்டுப் போய், அப்புறம் பால் ஊற்றவே வரவில்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் கோதண்டராமன் வந்து பார்த்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை, தலையாவது வாலாவது, அதெல்லாம் சும்மா பேச்சு, இது பாதி உடம்போடு நின்றுவிடும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வீட்டுல மாசமா இருக்குறவங்க யாரும் வராம பாத்துக்குங்க ஏட்டையா. இந்தக் கொப்புளத் தண்ணி பட்டா அம்மை ஒட்டிக்கும். கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது" என்று சேர்த்துச் சொன்னார். என் வீட்டுக்கு வர இருந்தவள் நிறைமாசத்துக்காரி ஒருத்திதான். அவளைத்தான் வரக்கூடாது என்கிறார். இது எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். டாக்டருக்கு எந்த ஊர் என்று விசாரித்தேன். திண்டிவனத்தில் படித்தவராம். தாங்கள் அங்கே பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். பேத்தி தங்கள் வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று யாராவது விரும்பியிருந்தால் இதைவிட நல்ல ஏற்பாடு செய்திருக்க முடியாது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ராயம்மாளுக்குத் தகவல் போயிற்று. தலைப்பிரசவம் மாமியார் வீட்டில் நடந்தது. தாய்வீட்டில் பெற்றவன் வாழை இலையில் படுத்துக்கொண்டு கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தான். ஞானஸ்நானத்துக்கு நான் ஏன் வரவில்லை என்பதற்கு இதுதான் பதில். வந்திருந்தால் பேத்திக்கு அம்மை போட்டிருக்கும். வராததற்காகத் தாங்கள் எனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

டாக்டர் கொடுத்த வெள்ளைக் களிம்பு ஒரு பக்கம் இருக்க, பாக்கியம் அனந்தபுரத்திலிருந்து குயவர் இளையபெருமாளை வரவழைத்துவிட்டாள். அக்கிக்குக் காவிமண்ணைக் குழைத்து அதன் மேல் உருவம் எழுதுவது அவர்கள் வழக்கம். வந்தவர் என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "சிங்கம் போடட்டா, நாயி போடட்டா?" என்றார். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "வேகம் சாஸ்தியா இருந்தா சிங்கம். கம்மினா நாயி." நாங்கள் வேதக்காரர்கள் ஆயிற்றே, சம்மனசு, அதாவது தேவதூதர், எழுதத் தெரியுமா என்றேன். அவர் யோசித்து, "அது பழக்கமில்லீங்க. வேணும்னா சிங்கத்துக்கு ரெக்கை வெச்சுக் குடுக்குறேன்" என்றார். எழுதினார். ஈரக் காவி பட்டது குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அப்புறம் எனக்கு மனசு உறுத்தி, நம் கோயில் சாமியாரை வரவழைத்துக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். மாற்கு சுவிசேஷகருக்கு அடையாளமே இறக்கை வைத்த சிங்கம்தான், பாவமில்லை என்றார். பாக்கியம் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "எனக்கு கோழி மாதிரிதான் தெரியுது" என்றாள்.

சிங்கமோ கோழியோ, கொப்புளங்கள் வாடி, கருத்து, பொருக்கு விட்டு உதிர்ந்தன. களிம்பால் ஆறியது என்று டாக்டர். காவியால் ஆறியது என்று இளையபெருமாள். ஜெபமாலையால் ஆறியது என்று பாக்கியம். மூன்று பேரும் அவரவர் வெற்றியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வலி மட்டும் என்னோடு இருந்துவிட்டது.

சம்பந்தி, தங்களுக்கு இதை எப்படி விளக்குவதென்று தெரியவில்லை. புண் இருந்தபோது ஊரே வந்து பார்த்தது. இளநீர் கொண்டுவந்தார்கள், வேப்பிலை கொண்டுவந்தார்கள். இப்போது பார்க்க ஒன்றும் இல்லை. தோல் கொஞ்சம் நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் ஒரு மெல்லிய துணி உராய்ந்தால் போதும், கள்ளிமுள்ளை வைத்து இழுத்தது போல இருக்கிறது. கையால் அழுத்திப் பிடித்தால் தாங்குகிறது. ராஜகிரி மலைப் பக்கமிருந்து சாயங்காலம் காற்று வந்து லேசாகத் தொட்டால் தாங்கவில்லை. கனத்த கை அடித்தால் வலிக்காமல், காற்று பட்டால் வலிக்கிறது என்று ஸ்டேஷனில் ஒருவன் வந்து என்னிடம் வாக்குமூலம் கொடுத்திருந்தால் நானே அவனை நம்பியிருக்க மாட்டேன். இப்போது அந்த வாக்குமூலத்தை நான் ஊர் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும், "புண்ணுதான் ஆறிப்போச்சே ஏட்டையா" என்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பார்வை இருக்கிறது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. எதிரே நிற்கிறவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தும் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் வைத்துக்கொள்ளும் பார்வை அது.

திரும்ப டாக்டரிடம் போனேன். "தோலு ஆறிடுச்சு, நரம்பு இன்னும் ஆறல ஏட்டையா" என்றார். எப்போது ஆறும் என்று கேட்டேன். "சிலருக்கு மாசக்கணக்கா இருக்கும். சிலருக்கு வருஷம் கூட ஆவுது. கொஞ்சம் கொஞ்சமா கொறையும்." எந்தத் தேதியில் என்றேன். அவர் ஒரு ஊசியும் சில வில்லைகளும் கொடுத்தார். வில்லை போட்டால் தூக்கம் வருகிறது, வலிக்கும் கூடவே தூக்கம் வருகிறதா என்பது தெரியவில்லை, ஏனென்றால் அதைப் பார்க்க நான் விழித்திருப்பதில்லை. ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான், யுத்தம் முடிந்தது என்று கச்சேரித் தெருவில் வெடி வெடித்தார்கள். என் விலாவுக்கு அந்தத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு விஷயம் மட்டும் கண்டுபிடித்தேன். யாரையாவது விசாரித்துக்கொண்டிருக்கும்போது வலி தெரிவதில்லை. வண்ணான் வந்தால் கஞ்சியில் என்ன கலக்கிறாய் என்று கேட்பேன், அவன் பதில் சொல்லி முடிக்கிறவரை சுகமாக இருக்கும். எண்ணெய்க்காரர், பால்காரர், உபதேசியார், எல்லாரையும் விசாரித்தேன். கடைசியில் வீட்டுக்கு ஆள் வருவதே நின்றுபோய் பாக்கியம் ஒருத்திதான் மிச்சம். அவளைக் கேட்டேன். "நீ என்கிட்ட ஏதாவது மறைக்கிறியா?" அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "மறைக்கிறதுக்கு நீங்க எங்க இடம் குடுத்தீங்க" என்றாள். இந்தப் பதிலைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலைமையில்தான் பேத்தியின் காதுகுத்து அழைப்பு வந்தது. கொப்புளம் போய் வெகு நாளாகிவிட்டது, இனி குழந்தைக்கு ஒட்டாது, தாராளமாகத் தூக்கலாம் என்று டாக்டர் எழுதாத குறையாகச் சொல்லிவிட்டார். போக வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பதைத் தங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆனால் சட்டை போட முடியாது. சட்டை இல்லாமல் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு வர முடியாது. பாக்கியம்தான் யோசனை சொன்னாள். கூடை முடையும் தனகோட்டியைக் கூப்பிட்டு, விலாவில் படாமல் நிற்கும்படி ஒரு பக்கத்துக்கு மட்டும் மூங்கிலில் பின்னித் தரச் சொன்னாள். தோளில் ஒரு நாடா, இடுப்பில் ஒரு நாடா. கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தைப் பாதியாக வெட்டின மாதிரி. அதன்மேல் சட்டையைப் போட்டுக்கொண்டால் துணி உடம்பில் படாது. தனகோட்டி அளவெடுக்காமலே, "எத்தினி கோழிக்கு?" என்று கேட்டாள். பாக்கியம், "ஒரு ஏட்டுக்கு" என்றாள்.

போட்டுக்கொண்டேன். மாதக்கணக்குக்குப் பிறகு சட்டைக்குள் என் உடம்பு நிம்மதியாக இருந்தது. வலது பக்கம் மட்டும் நிறைமாசம் போலத் தெரிந்தது, அதை நான் பொருட்படுத்தவில்லை. சாய்ந்துகொள்ள இருக்கட்டும் என்று பாக்கியம் புதிதாக ஒரு சின்னத் தலையணையும் தைத்திருந்தாள். அது கனமாக இருந்தது. கேட்டேன். "மழைல பஞ்சு நனைஞ்சிருச்சு" என்றாள். எங்கள் ஊரில் சித்திரைக்குப் பிறகு மழையே இல்லை. ஆனால் பேத்தியைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் இருந்தேன், அந்த ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். உத்தியோகத்தில் இப்படி விட்டவன் அல்ல நான்.

நானும் பாக்கியமும் ஏறின, திண்டிவனம் போகிற கரி பஸ் தங்களுக்குத் தெரியும். பின்னால் அடுப்பை வைத்துக்கொண்டு புகை விட்டபடி மேட்டைக் கண்டால் நின்றுவிடும். வல்லம் தாண்டியதும் நின்றது. ஆனால் மேட்டுக்காக அல்ல. அங்கே அரிசி கடத்தலைப் பிடிக்கச் சோதனை போட்டிருந்தார்கள். ஏறி வந்தவன் கான்ஸ்டபிள் தங்கராசு, என்னிடம் வேலை பழகினவன். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

"வணக்கம் ஏட்டையா."

"நல்லா பாரு தங்கராசு. பெரிய மனுஷன்னு விட்டுடாதே. முழிக்கிற முழியப் பாரு" என்று நானே அவனுக்கு எடுத்துச் சொன்னேன்.

"பாத்துட்டேன் ஏட்டையா. உங்க சட்டைக்குள்ள இன்னா?"

"ஒண்ணுமில்ல. வலி."

"வலி இவ்ளோ உப்பலா இருக்குமா?"

"துணி படாம இருக்க கூடை கட்டியிருக்குது."

"கூடைக்குள்ள இன்னா ஏட்டையா?"

"நான்தான்டா."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தங்கராசு ரொம்ப மரியாதையாக, கீழே இறங்கி வாருங்கள் என்றான். உண்மையைச் சொல்கிறேன் சம்பந்தி, எனக்குக் கோபம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். அவன் என்னை விட்டிருந்தால்தான் நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். கீழே ஒரு இளவயது சிவில் சப்ளை இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூட்டையைக் குத்தி அரிசி எடுத்துப் பார்க்கிற குத்தூசி அவர் கையில் இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். நரம்பு வலி என்றேன். "நரம்பு எத்தனை படி இருக்கும்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சட்டையைக் கழற்றுகிறேன், ஆனால் தொடாதீர்கள் என்றேன். தொடாதே என்கிறவனிடம்தான் சரக்கு இருக்கும், நானே அப்படித்தான் நினைப்பேன், அவரும் அப்படியே நினைத்தார். நான் பொத்தானில் கை வைப்பதற்குள் குத்தூசியின் முனையைக் கூடைச் சந்துக்குள் லேசாக விட்டார். லேசாகத்தான். அழுத்திக் குத்தியிருந்தால் ஒருவேளை பொறுத்திருப்பேன்.

நான் போட்ட சத்தத்தில் பாதையோரம் நின்ற வண்டிமாடுகள் வண்டியோடு கடலைக் காட்டுக்குள் இறங்கிவிட்டன. என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. இன்ஸ்பெக்டரின் தொப்பி எட்ட விழுந்து கிடந்தது என்றும், குத்தூசி என் கையில் இருந்தது என்றும் பிறகு சொன்னார்கள். அதிகாரியைக் கடமை செய்யவிடாமல் தடுத்தது என்று என்னைத் திருப்பிச் செஞ்சிக்குக் கொண்டுபோக உத்தரவாயிற்று. பஸ் எங்களை விட்டுவிட்டுப் புகையோடு போய்விட்டது. அதில் இருந்த யாரோ ஒருவர்தான் திண்டிவனத்தில் இறங்கி, அரிசி அது இது என்று பேசியிருக்க வேண்டும். அந்த ஆள் யார் என்று நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கட்டைவண்டியில் நானும் பாக்கியமும் தங்கராசுவும் திரும்பினோம். வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. தங்கராசு பாவம், "இதும்மேல உக்காருங்க ஏட்டையா" என்று அந்தத் தலையணையைத் தன் கையால் எடுத்து எனக்கு வைத்துக்கொடுத்தான். பாக்கியம் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் சேவகம் பார்த்த அதே ஸ்டேஷனில், நான் உட்கார்ந்த மேஜைக்கு முன்னால், என் சட்டையைக் கழற்றினார்கள். கூடை. கூடைக்குள் நான். இளையபெருமாள் சிங்கம் எழுதிய இடத்தில் தோல் மட்டும் நிறம் மாறியிருந்தது. ஒரு மணி அரிசி இல்லை. பின்னாலேயே வந்து சேர்ந்து உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் பார்த்தார். எழுந்து நின்று, தன் அப்பாவுக்கும் நெற்றியில் இதே மாதிரி வந்து, ஒன்றும் இல்லாத இடத்தில் வலிக்கிறது என்று அவர் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை என்று மெதுவாகச் சொன்னார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர்மேல் எனக்கு இப்போது வருத்தமில்லை. வழக்கும் இல்லை.

இந்த இடத்தோடு நிறுத்தினால் அரிசி விஷயமாகத் தங்கள் கார்டு முழுப் பொய் என்று ஆகிவிடும், எனக்கும் வெற்றி. ஆனால் பொய் ரிப்போர்ட் எழுதுகிறதில்லை என்று மேலே எழுதித் தொலைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். வலி அன்றைக்கு உச்சத்தில் இருந்தது. கைக்கு அகப்பட்டது அந்தத் தலையணை. விலாவோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். சம்பந்தி, அதைப் போல ஒரு சுகம் நான் கண்டதில்லை. கனமாக, குளிர்ச்சியாக, உடம்பின் வளைவுக்குத் தகுந்தபடி நெளிந்து, துணி உராயாமல் அப்படியே அமர்ந்துகொண்டது. ஊசி செய்யாததை, சிங்கம் செய்யாததை அது செய்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு யோசனை வந்தது. பஞ்சு இப்படி நெளியாது.

"பாக்கியம், இதுல இன்னா இருக்குது?"

அவள் அடுப்பங்கரையிலிருந்தே சொன்னாள். "சீரகச்சம்பா. புள்ளை பெத்தவ, ரேஷன் அரிசியத் தின்னு பால் குடுக்கணுமா? ரெண்டு படி எடுத்தாந்தேன்."

"சோதனைல மாட்டியிருந்தா?"

"எல்லாரும் உங்க சட்டையத்தான பாத்துக்கிட்டிருந்தாங்க. என்னிய யாரு பாக்குறாங்க."

அந்தக் கூடை யோசனை என் வலிக்காகச் சொன்னதா, தலையணைக்காகச் சொன்னதா என்று கேட்டேன். அவள் மோர் கொண்டுவந்து வைத்தாள். ஆக, அரிசி இருந்தது உண்மை. நான் அதன்மேல் உட்கார்ந்து வந்தது உண்மை. அதைத் தூக்கிக் கொடுத்தது சர்க்கார் கான்ஸ்டபிள் என்பதும் உண்மை. இன்று வரை அதை நான்தான் வைத்திருக்கிறேன், சமைக்கவும் விடுவதில்லை, சர்க்காரில் ஒப்படைக்கவும் மனமில்லை. காலையும் மாலையும் விலாவில் வைத்துக்கொள்கிறேன். வலி போய்விடவில்லை. ஆனால் அதோடு ஒரே வீட்டில் இருக்க முடிகிறது. இந்தப் பாராவை மட்டும் தாங்கள் படித்தவுடன் கிழித்துவிடவும்.

ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. என்ன ஏது என்று கேட்காமல் கார்டில் எழுதியது தங்கள் தவறு. அதை ஒரு உறைக்குள் வைத்து எழுத்து மூலமாக வாபஸ் வாங்குகிறவரை நான் தங்கள் வாசற்படி மிதிப்பதாக இல்லை. பேத்தி வளர்ந்து, தானாக நடந்து, தாத்தா எங்கே என்று விசாரித்துக்கொண்டு வரட்டும். விசாரிக்கிற குணம் அவளுக்கு இரத்தத்தில் இருக்கும்.

மாப்பிள்ளைக்கும் ராயம்மாளுக்கும் ஆண்டவருடைய ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உண்டாகட்டும். குழந்தையின் காதுப் புண்ணுக்கு மஞ்சள் வைக்கச் சொல்லவும். சம்பந்தியம்மாளுக்குப் பாக்கியம் தோத்திரம் சொல்லச் சொன்னாள். நானும் சொன்னதாக வைத்துக்கொள்ளலாம். சர்வேசுரன் தங்களுக்குத் தீர்க்காயுசும், தங்கள் நரம்புகளுக்கு என்றைக்கும் சுகமும் அருள்வாராக.

இப்படிக்கு,
தங்கள் கார்டினால் மனம் புண்பட்ட,
அருளானந்தம்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டி, தபாலுக்குப் போகக் கூடையையும் சட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது தாங்களே ராயம்மாளோடும் குழந்தையோடும் முகமெல்லாம் பஸ் கரியாக வாசலில் வந்து நின்றுவிட்டீர்கள். நடந்தது தங்களுக்கே தெரியும். இருந்தாலும் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது என்பதால் உறையைப் பிரித்து எழுதுகிறேன். மன்னிப்பு என்றெல்லாம் தாங்கள் ஒன்றும் பேசவில்லை. "இந்தாங்க சம்பந்தி, புடிங்க" என்று குழந்தையை என் மடியில் வைத்தீர்கள். வலது பக்கமாக வைத்தீர்கள். அவள் என் முகத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டுவிட்டு, காலை ஓங்கி விலாவில் ஒரு உதை விட்டாள். எனக்குக் கண் இருட்டியது. "நோவுதா? வாங்கிக்கட்டுமா?" என்றீர்கள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டு, தாங்கள் வெளியே திரும்பி, "ராஜகிரி மேல மேகம் கட்டியிருக்குது" என்றீர்கள். அங்கே மேகம் எதுவும் இல்லை என்பதை நான் கவனித்தேன். மேலே உள்ள பக்கங்களைப் படிக்க வேண்டாம். தாங்கள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் இதைத் தங்கள் சட்டைப்பையில் வைக்கிறேன், இந்தக் கடைசி வரிகளை மட்டும் பார்த்தால் போதும். நாளைக்கே எல்லாரும் புறப்படுவதாகச் சொல்கிறீர்கள். என் உடம்பு நிலைமைக்குக் குழந்தை கிறிஸ்துமஸ் வரைக்கும் இங்கேயே இருப்பது அவசியம் என்று டாக்டர் கோதண்டராமன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவர் அப்படிச் சொன்னாரா என்று தாங்கள் தயவுசெய்து யாரையும் விசாரிக்க வேண்டாம்.